பதினேழரையில் நின்ற திருகு

அத்தியாயம் 9

மேஜையில் கிடந்த துப்பாக்கியைத் தோரா ஹால்வர்சன் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் பைக்குள் இருந்ததால் தொட முடியாது. தொட்டும் பயனில்லை. அன்று மலையில் எல்லோருமே கையுறை போட்டிருந்தார்கள்.

முழங்கால் வலித்தது. இருபத்தாறு வருடம் வயோமிங் மலைகளில் வனவிலங்கு அதிகாரியாக ஏறி இறங்கி, ஓய்வு பெற்று, நாலு வருடமாகத் தனியார் துப்பறிவாளராக அலைகிறாள். அக்டோபர் வந்தாலே போதும், இரண்டு முழங்காலும் தனித்தனியாகப் புகார் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

"பாஸ், அது முட்டையா போடப் போகுது?" என்றான் பிங்கம். அவளுடைய உதவியாளன். ஐம்பது வயது, தொப்பை, எந்நேரமும் வாயில் உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டு. முன்பு செத்த விலங்குகளுக்குப் பஞ்சடைத்துப் பாடம் பண்ணுகிற தொழில் செய்தவன்.

"வாயை மூடிக்கிட்டு ஒருதடவை முதல்லேர்ந்து சொல்லு."

"மூடிக்கிட்டு எப்படிச் சொல்றது?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் இறைச்சியை விழுங்கிவிட்டு ஒப்பித்தான். "செவ்வாய்க்கிழமை காலை. ப்ளூ டூத் மேடு. வேட்டை வழிகாட்டி கார்வின் டெய்ட். கூட வந்த வாடிக்கையாளர் ஹூஸ்டன்காரர் காலவே. எழுநூறு கெஜத்துல எல்க் மான் ஒண்ணு நிக்குது. ஒரே ஒரு வெடி. மானுக்கு ஒரு முடி கூட உதிரல. குண்டு அதோட முதுகுக்கு மேல போயி, அந்தப் பக்கச் சரிவுல கோவேறு கழுதைகளை ஓட்டிக்கிட்டு வந்த கார்வினோட மச்சான் ஹாலிஸ் மேல பட்டுது. ஹாலிஸ் அங்கேயே காலி. குண்டு கார்வினோட முந்நூறு மேக்னம் துப்பாக்கியிலேர்ந்து வந்தது. சுட்டது கார்வின்தான்னு காலவே சொல்றார். கார்வின் மறுக்கல. இன்னிக்கி நாலு மணிக்கு நீதிபதி முன்னாடி ஒப்புதல் கையெழுத்து. முற்றும்."

"முற்றும் இல்ல," என்றாள் தோரா. "கிட்ட வா. குறி பார்க்கற ஸ்கோப்போட தலையில இருக்கற திருகைப் பாரு. என்ன எண்ல நிக்குது?"

பிங்கம் குனிந்து கண்ணைச் சுருக்கினான். "பதினேழரை."

"துப்பாக்கிக் கட்டையில ஒட்டியிருக்கற சீட்டைப் படி."

தூரம் கூடக் கூடக் குண்டு தாழ்ந்துகொண்டே போகும். அதற்கு ஈடாகத் திருகைத் திருப்ப வேண்டும். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு என்பது தோட்டாவுக்குத் தோட்டா மாறும் என்பதால், நெடுந்தூரம் சுடுகிறவர்கள் அவரவர் தோட்டாவுக்கான எண்களை எழுதித் துப்பாக்கியிலோ உடையிலோ ஒட்டி வைத்திருப்பார்கள். கார்வினுடைய சீட்டு மழையிலும் பனியிலும் பழுத்துப்போயிருந்தது.

"எழுநூறுக்குப் பதினாலு," என்று படித்தான் பிங்கம். "பதினேழரை வேணும்னா... எண்ணூத்தி இருபது கெஜம்."

"ரெண்டு பேர் வாக்குமூலத்துலயும் தூரம் என்ன?"

"எழுநூறு."

"எழுநூறுல நிக்கற மானுக்கு எண்ணூத்தி இருபதோட எண்ணை வெச்சா குண்டு எங்க போகும்?"

"ரெண்டு அடி மேல." பிங்கம் நிமிர்ந்தான். "முதுகுக்கு மேல."

கதவருகே காபிக் கோப்பையோடு நின்றிருந்த ஷெரீஃப் தலையைச் சொறிந்தார். ஒரு காலத்தில் தோராவின் கீழ் வேலை பார்த்தவர். "தோரா, மனுஷன் தப்பாத் திருகிட்டான். அதனாலதானே விபத்து? நீங்க சொல்றது என் கேஸுக்குத்தான் பலம்."

"கார்வின் அந்த மேட்டுல முப்பது வருஷமா சுடறான். எழுநூறுன்னா சீட்டைப் பார்க்காமலே கை பதினாலுக்குப் போகும். இன்னொண்ணு, சுட்டு முடிச்சதும் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராம அவன் நின்னதே கிடையாது. நான் அவன் பின்னால எத்தனையோ தடவை நின்னிருக்கேன். அந்தப் பூஜ்யம் எங்க?"

"மச்சான் செத்துக் கிடக்கறப்ப எவன் பூஜ்யத்தைப் பத்தி யோசிப்பான்?"

நியாயமான கேள்விதான். தோரா கோட்டை எடுத்தாள். "மத்தியானம் ஒண்ணரைக்கு விமான நிலையக் கேன்டீனுக்கு வா. சாப்பாடு என் செலவு. சீருடை வேண்டாம். எனக்குப் பின்னாடி மேஜையில உட்காரு."

"எதுக்கு?"

"தெரியல. பசியா இருந்தா வா."

*

ரோவீனாவின் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. செத்தவனுக்காக ஊரே சமைத்து அனுப்பியிருந்தது. அலுமினியத் தாள் மூடிய பாத்திரங்கள் அடுப்பு மேல், நாற்காலி மேல், சலவை இயந்திரத்தின் மேல். எல்லாவற்றிலும் அதே உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும்.

ஹாலிஸின் மனைவி அவள். கார்வினின் தங்கை. கணவனைக் கொன்றதாகச் சொல்லப்படும் அண்ணனைக் காப்பாற்றத் தோராவை அமர்த்தியதும் அவள்தான். அழுது முடித்து, கழுவ வேண்டிய பாத்திரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என் அண்ணன் சுடல, தோரா. சுட்டிருந்தா மான் விழுந்திருக்கும்," என்றாள். சாட்சி சொல்வது போலில்லை. வானிலை சொல்வது போலிருந்தது.

"சுடலேன்னா ஏன் மறுக்க மாட்டேங்கறான்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான உங்களைக் கூப்பிட்டேன்."

தோரா ஒரு நாற்காலியிலிருந்து பாத்திரத்தை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "கேம்ப்ல நீதானே சமையல். அவங்க ரெண்டு பேரும் எப்படி இருந்தாங்க?"

"நாலு சாயங்காலம், தோரா. நாலு சாயங்காலமும் ஒரே பேச்சு. அந்த ஹூஸ்டன்காரர் வந்து இறங்கினதுலேர்ந்து, ஆறரை மில்லிமீட்டர் தோட்டா போதும், எல்க்குக்கும் போதும், கரடிக்கும் போதும், உதைக்காது, நேராப் போகும்னு ஆரம்பிப்பார். அண்ணா விடுவாரா? எழுநூறு கெஜம் தாண்டிப் போயி முந்நூறு கிலோ மானை விழத் தட்டணும்னா கனமான குண்டு வேணும், முந்நூறு மேக்னம் வேணும்பார். காத்துல எது எவ்வளவு ஒதுங்கும், போய்ச் சேர்றப்ப எதுக்கு எவ்வளவு வேகம் மிஞ்சும்... சூப்பு ஆறிப்போகும், பேச்சு ஆறாது. நாலாவது நாள் ஹாலிஸ் கரண்டியால மேஜையைத் தட்டி, 'மான்கிட்டயே கேட்டுட்டு வந்து சொல்லுங்கடா'ன்னான்."

"நான் பாடம் பண்ணின முந்நூறு மான்ல ஒண்ணு கூடத் தோட்டா சைஸைப் பத்திக் குறை சொன்னதில்ல," என்றான் பிங்கம்.

ரோவீனாவின் உதடு லேசாக அசைந்தது. மூன்று நாளில் அவள் சிரிப்புக்கு மிக அருகில் வந்தது அப்போதுதான்.

"பேச்சுல கடைசியா ஜெயிச்சது யாரு?" என்று கேட்டாள் தோரா.

ரோவீனா யோசித்தாள். "தெரியல. ஆனா செவ்வாய்க்கிழமை காலையில காலவே துப்பாக்கி கூடாரத்துலயே இருந்துது. உறையோட. படுக்கையைச் சரிபண்றப்பப் பார்த்தேன். மேல போயி அண்ணா துப்பாக்கியில சுட்டுப் பார்க்கப் போறாரோ என்னவோன்னு நினைச்சுக்கிட்டேன். அப்பறம் இது நடந்துது, மறந்துட்டேன்."

தோராவும் பிங்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலவே எண்களை எங்க எழுதி வெச்சிருப்பார்?"

"ஜாக்கெட் கையில. இங்க." ரோவீனா தன் இடது முன்கையைத் தொட்டுக் காட்டினாள். "கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பை தெச்சிருக்கும், அதுக்குள்ள சீட்டு. சாப்பிடறப்பக்கூடக் கழட்ட மாட்டார். ஏதோ மெடல் குத்தின மாதிரி."

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் பிங்கம் கேட்டான், "அந்தச் சீட்டைக் கேட்டா கொடுப்பானா, பாஸ்?"

"கேட்டாக் கொடுக்க மாட்டான்." தோரா முழங்காலைத் தேய்த்தாள். "திட்டினாக் கொடுப்பான்."

*

விமான நிலையக் கேன்டீனில் பத்து மேஜை. வேட்டைப் பருவத்தில் பாதிப் பேர் ஆரஞ்சு உடையில், பாதிப் பேர் துப்பாக்கிப் பெட்டியோடு. மிளகாய் போட்ட பீன்ஸ் கறிக் கிண்ணமும், பக்கத்திலேயே பட்டை வாசனையோடு இனிப்பு ரொட்டியும் எல்லா மேஜையிலும் இருந்தன. அந்த ஊரில் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

ஜன்னலோர மேஜையில் காலவே. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து நாள் தாடியைக்கூட அளவாக வளர்த்திருந்தான். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. இரண்டரைக்கு விமானம்.

தோரா முகம் காட்டாமல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் இனிப்பு ரொட்டியைக் கறியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஷெரீஃப்தான். பசித்திருக்கிறது.

பிங்கம் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் காலவேயின் மேஜைக்கே போனான்.

"இங்க யாராவது இருக்காங்களா? நன்றி. என்ன துப்பாக்கி அண்ணே, பெட்டியில?"

"ஆறரை."

"அட. பேரப்பிள்ளைக்கு வாங்கினீங்களா?"

காலவே முள்கரண்டியைக் கீழே வைத்தான். "என்ன சொன்னீங்க?"

"இல்ல, ஆடு சுடறதுக்கு நல்லது. முயலுக்கும் பரவாயில்ல. எல்க்குக்கு அது கொசுக்கடி. சொறிஞ்சுட்டுப் போயிடும்."

"எப்ப கடைசியா ஒரு புத்தகம் படிச்சீங்க?" காலவேயின் குரல் உயர்ந்தது. "நீளமான, மெலிஞ்ச குண்டு. காத்துல ஒதுங்காது. தோளை உடைக்கற மாதிரி உதைக்காது, அதனால சுடறவன் பயந்து கண்ணை மூட மாட்டான். சரியான இடத்துல விழுந்தா சின்னக் குண்டு போதும். இந்த மலைக்காரங்க அப்பன் சுட்டான் தாத்தன் சுட்டான்னு பீரங்கியைத் தூக்கிக்கிட்டுத் திரியறாங்க."

"கிட்டக்க இருந்தா சரி. எழுநூறு கெஜம்னா? உங்க குண்டு பாதி வழியில தரையில இறங்கி நடந்துதான் போகணும். நிலாவைப் பார்த்துக் குறி வெச்சாத்தான் மானோட குளம்புல படும்."

பக்கத்து மேஜைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "அவர் சொல்றது சரிதாம்ப்பா," என்றார். அது போதுமானதாக இருந்தது. கொலைக் கேஸில் மூன்று நாள் உண்மையைச் சொல்லாத மனிதன், தோட்டாப் பேச்சில் தோற்று விமானம் ஏறத் தயாராக இல்லை.

"நிலாவா?" காலவே இடது கையை மேஜை மேல் போட்டான். முன்கைப் பையில் அச்சடித்த சீட்டு. "படிங்க! கண்ணு தெரியும்ல? எழுநூறு. எவ்வளவு? பதினேழரை! வெறும் பதினேழரை! இதுக்குப் போய் நிலாவாம்."

கேன்டீனில் கரண்டிச் சத்தம் தொடர்ந்தது. தோரா எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து, அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது கார்வினோட துப்பாக்கி, மிஸ்டர் காலவே. அதோட எண் எழுநூறுக்குப் பதினாலு. ஆனா திருகு நிக்கறது பதினேழரையில. உங்க எண் அவன் துப்பாக்கி மேல எப்படி ஏறிச்சு?"

காலவே புகைப்படத்தைப் பார்த்தான். பிறகு தன் முன்கையைப் பார்த்தான். மற்ற கையால் அதை மூடப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான்.

ஷெரீஃப் வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பினார். "ரொட்டியைச் சாப்பிட்டு முடிங்க, மிஸ்டர் காலவே. அவசரமில்ல. இனிமே இந்த விமானம் உங்களுக்கு வேண்டியதில்ல."

"அவர்தான் கொடுத்தார்," என்றான் காலவே. குரலில் பழைய ஹூஸ்டன் மிடுக்கு இல்லை. "நாலு நாளா நச்சரிச்சார். 'சரி, உங்க மேக்னத்தைக் கொடுங்க, காட்டறேன்'னேன். மான் வந்துது. நான் எப்பவும் பார்க்கற எண்ணைப் பார்த்தேன், திருகினேன். பழக்கம். துப்பாக்கி மாறிப்போச்சுங்கறது மண்டையில ஏறல. அப்பறம் அந்த ஆள் கிடக்கறதைப் பார்த்ததும்... துப்பாக்கி அவரோடதுதானே, அவர்தான் சுட்டார்னு வாயில வந்துடுச்சு. அவரும் ஒண்ணும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எனக்கென்ன தெரியும்? என் தோளுக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தார். நான் திருகறதைப் பார்த்தார்." காலவே தலையைத் தூக்கினான். "லேசா சிரிச்சார்கூட. நல்லாத் திருகறேன்னு பாராட்டறார்னு நினைச்சேன்."

பிங்கம் வாயைத் திறந்தான். தோரா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

*

மூன்றேகால் மணிக்குச் சிறை அறையின் சிறிய மேஜைக்கு எதிரே கார்வின் உட்கார்ந்திருந்தான். ஒடிசலான ஆள், வெயிலில் பதம்பட்ட முகம். ஒரு சமயம் உரிமம் இல்லாமல் மீன் பிடித்ததற்குத் தோரா அபராதம் போட்டிருக்கிறாள். அன்றும் இப்படித்தான் மறுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"காலவே எல்லாத்தையும் சொல்லிட்டான்," என்றாள். "நீ கையெழுத்துப் போட வேண்டியதில்ல."

அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை. அது வருகிறதா என்று பார்க்கத்தான் அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், காலைச் சுடுநீரில் வைத்திருப்பாள்.

"அவன் திருகினதை நீ பார்த்த."

கார்வின் மேஜையைப் பார்த்தான்.

"எண்ணையும் பார்த்த."

"பதினேழரை," என்றான் கார்வின். "பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. மேல போகும்னு. ரெண்டு அடி. மானுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பக்கம் வெறும் சரிவு. யாரும் இல்ல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வாயெடுத்தேன். அப்பறம் நினைச்சேன், சுடட்டும். தவறட்டும். நாலு நாளா என் தலையில ஏறி உட்கார்ந்து பாடம் நடத்தினான்ல. ஒருதடவை தவறி, கேம்ப்ல எல்லார் முன்னாடியும் மூஞ்சி சுருங்கட்டும்னு." அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். "ஹாலிஸ் மத்தியானம்தான் கழுதைகளைக் கொண்டுவரணும். பனி வரும்போல இருந்துதுன்னு காலையிலயே கிளம்பிட்டான். எனக்குத் தெரியாது, தோரா. சத்தியமாத் தெரியாது."

சுவரோர ஹீட்டர் இரைந்தது. சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று தோராவுக்குத் தெரியவில்லை. அனேகமாகப் பெயரே இல்லை. வழிகாட்டி உரிமம் போகும். நீதிபதி நாலு வார்த்தை சொல்வார். நாளையே வெளியே வந்துவிடுவான்.

"ரோவீனாகிட்டச் சொல்லாத," என்றான் கார்வின். "நான் சுட்டேன், கை தவறிப்போச்சுன்னு இருக்கட்டும். கை தவறினதை அவ மன்னிப்பா. எனக்குத் தெரியும். இதை மாட்டா."

"அவதான் என்னை வேலைக்கு வெச்சா."

"தெரியும்."

"வெளியிலதான் உட்கார்ந்திருக்கா. காலவேயும் எப்படியும் கோர்ட்டுல இதைச் சொல்லுவான்." தோரா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் சொல்ல மாட்டேன், கார்வின். நீ சொல்லு."

கதவைத் திறந்தாள். ரோவீனா மடியில் அலுமினியத் தாள் மூடிய பாத்திரமும், வீட்டிலிருந்து கொண்டுவந்த முள்கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். காலவே பிடிபட்ட செய்தி எட்டியிருந்தது. முகம் கழுவியிருந்தாள். உள்ளே போய் அண்ணனின் எதிரில் பாத்திரத்தை வைத்து, தாளை உரித்தாள். உருளைக்கிழங்கின் ஆவி எழுந்தது.

"நான்தான் சொன்னேனே, நீ சுட்டிருக்க மாட்டேன்னு. சாப்பிடு. இளைச்சுட்ட."

"ரோ," என்றான் கார்வின். "அவன் தப்பாத் திருகினதை நான் பார்த்தேன்."

தோரா வாசலில் நின்றாள். பிங்கம் அவள் பின்னால் வந்து நின்றான். கார்வின் எல்லாவற்றையும் சொன்னான். எண், சிரிப்பு, மூஞ்சி சுருங்கட்டும் என்று நினைத்தது, எல்லாவற்றையும். சுருக்கவில்லை, நீட்டவுமில்லை.

முள்கரண்டியை அவன் பக்கம் நீட்டிய ரோவீனாவின் கை அப்படியே நின்றிருந்தது.

"எவ்வளவு நேரம் இருந்துது?" என்று கடைசியில் கேட்டாள். "அவன் திருகினதுக்கும் சுட்டதுக்கும் நடுவுல."

"பத்து வினாடி. பதினஞ்சு இருக்கலாம்."

"நாலு நாள் பேசின, அண்ணா," என்றாள். "சூப்பு ஆறிப்போற அளவுக்குப் பேசின. அந்தப் பத்து வினாடி மட்டும் பேசல."

எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். பொத்தான்கள் சரியாகப் போகும்வரை நின்று, ஒவ்வொன்றாகப் போட்டாள். தோராவைக் கடந்து, நடை வழியாக, வெளிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் பனி விழ ஆரம்பித்திருந்தது.

பாத்திரம் மேஜை மேலேயே இருந்தது. முள்கரண்டி அவள் கையோடு போய்விட்டது.

"நான் ஒண்ணு கொண்டாந்து தரட்டுமா?" என்று பிங்கம் மெதுவாகக் கேட்டான்.

ஆவி அடங்கும்வரை கார்வின் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.